நாற்பதை வாங்கலாமா?

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. பதில் எழுதாததற்குப் பாதிக் காரணம் சோம்பல், மீதிப் பாதி முழங்கால். மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், என் மேசையோ மாடியில் இருக்கிறது. நேற்றுதான் பெரியவன் வந்து அதைக் கீழே இறக்கிக் கொடுத்தான். இறக்கும்போதே ஒரு காலை உடைத்துவிட்டான், மேசையின் காலைத்தான். இப்போது அதற்கும் எனக்கும் ஒரே நிலைமை, அண்டக்கொடுத்து நிற்கிறோம்.

நம் கணக்கு வாத்தியார் போய்ச் சேர்ந்த செய்தி நீ எழுதித்தான் தெரிந்தது. ரெண்டு நாள் மனசே சரியில்லை. விடை சரியாக வந்தாலும் "எப்படி வந்தது?" என்று கேட்டுக் கழுத்தை அறுப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? இந்தக் கடிதத்தில் ஒரு பெருக்கல் வருகிறது. அவர் பேரைச் சொல்லித்தான் போட்டுப் பார்த்தேன்.

சரி, துப்பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். உன் கிளப்பில் ஒருவர் .40 பிஸ்டலை (குண்டின் குறுக்களவு .40 அங்குலம்) விற்கிறார், முன்பு காவல்துறைப் பணியில் இருந்தது, புதுத் துப்பாக்கியின் பாதி விலைதான் சொல்கிறார், ஆனால் எல்லோரும் 9 எம்.எம்.தான் வாங்குகிறார்கள், இது செத்துப்போன காலிபர் (குண்டளவு) என்கிறார்கள், என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாய். என்னிடம் ஒரு .40 ஒன்பது வருஷமாக இருக்கிறது. அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் பாசமும் கலந்திருக்கும், கொஞ்சம் பட்ட அடியும் கலந்திருக்கும்.

முதலில் இந்த மவுசு எப்படி வந்தது, எப்படிப் போனது என்று பார். அதைத் தெரிந்துகொண்டால் 'செத்த காலிபர்' என்ற பேச்சில் பாதி கரைந்துவிடும். 1986 ஏப்ரல் 11, அமெரிக்காவின் மயாமி. எட்டு எஃப்.பி.ஐ. ஆட்கள் இரண்டு கொள்ளைக்காரர்களை மறித்தார்கள். எட்டுப் பேரில் இரண்டு பேர் செத்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். தொடக்கத்திலேயே கொள்ளைக்காரன் ஒருவன் மேல் பாய்ந்த 9 எம்.எம். குண்டு, கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அவன் அதற்கப்புறமும் சுட்டுக்கொண்டே இருந்தான். பழி அந்தக் குண்டின் தலையில் விழுந்தது. அவன் கையில் இருந்தது ரைஃபிள், இவர்களில் பெரும்பாலானவர்கள் கையில் இருந்தது கைத்துப்பாக்கி. அந்த ஏற்றத்தாழ்வைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. குண்டைக் குறை சொல்வது சுலபம், அது திருப்பிப் பேசாது.

அதனால் எஃப்.பி.ஐ. 1983இல் வந்திருந்த '10 எம்.எம். ஆட்டோ' என்ற தோட்டாவுக்குப் போனது. அது முரட்டுத் தோட்டா. எல்லோராலும் அடக்க முடியவில்லை என்று வெடிமருந்தைக் குறைத்தார்கள். மருந்து குறைந்ததும் மருந்து அடைக்கிற பித்தளைக் கூட்டுக்குள் நிறைய இடம் காலி. இந்த வேலைக்கு இவ்வளவு நீளக் கூடு எதற்கு என்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், வின்செஸ்டர் என்ற இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து, 25 மில்லிமீட்டர் சொச்சமிருந்த கூட்டை 21.6 மில்லிமீட்டராக வெட்டினார்கள். 1990இல் வந்த .40 எஸ் அண்ட் டபிள்யூ அதுதான். நீளம் குறைந்ததால் 9 எம்.எம். அளவு பிஸ்டலின் கைப்பிடிக்குள்ளேயே அடங்கியது. 10 எம்.எம். பக்தர்கள் அந்த எஸ்ஸையும் டபிள்யூவையும் 'ஷார்ட் அண்ட் வீக்' (குட்டை, சோனி) என்று விரித்துக் கேலி செய்தார்கள். கேலியை மீறி அமெரிக்கப் போலீஸ் இடுப்பிலெல்லாம் அது ஏறிவிட்டது. 1994 முதல் 2004 வரை அங்கே பொதுமக்களுக்கான புது மேகசின்களில் (தோட்டா அடுக்கும் பெட்டி) பத்துத் தோட்டாதான் என்று சட்டம் இருந்தது. பத்துதான் என்றால் பெரிய பத்தாகவே இருக்கட்டுமே என்று ஜனங்களும் வாங்கினார்கள்.

பிறகு குண்டு செய்கிறவர்கள் கைவேலை மேம்பட்டது. உள்ளே போனதும் சரியாக விரிந்து, சோதனை ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலத்துக்குள் போய் நிற்கிற குண்டை 9 எம்.எம்.மிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். எந்தக் குறையைச் சொல்லி .40 பிறந்ததோ அந்தக் குறையே போய்விட்டது. அப்புறம் சுடும்போது கையில் விழும் கூடுதல் உதையை எதற்குத் தாங்க வேண்டும்? மேகசினிலும் இரண்டு தோட்டா குறைவு. கிளாக் கம்பெனியின் பிஸ்டல்களில், வெளி அளவில் ஒன்றாகவே இருக்கும் 9 எம்.எம். கிளாக் 17இல் பதினேழு, .40 கிளாக் 22இல் பதினைந்து. எஃப்.பி.ஐ.யே 2010களின் நடுவில் 9 எம்.எம்.முக்குத் திரும்பியது. அதைப் பார்த்து மற்றத் துறைகளும் மாறின. அவர்கள் கழித்துவிட்ட .40கள் சந்தைக்கு வந்து குவிந்தன. உனக்குப் பாதி விலைக்கு வருகிறதென்றால் இந்தக் கதையின் வால்தான் உன் கிளப் வரை நீண்டிருக்கிறது. துப்பாக்கியில் ஏதோ கோளாறு என்று அதற்கு அர்த்தமில்லை.

இப்போது வாத்தியார் கணக்கு. 124 கிரெய்ன் 9 எம்.எம். குண்டு என்றால் 8 கிராம். விநாடிக்கு 350 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள். 180 கிரெய்ன் .40 குண்டு 11.7 கிராம், வேகம் 300 மீட்டர். எடையைக் கிலோவாக்கி வேகத்தால் பெருக்கு. முதலாவது 2.8, இரண்டாவது 3.5. நாலில் ஒரு பங்கு கூடுதல். ஏறக்குறைய ஒரே கனமுள்ள துப்பாக்கியில், அந்தக் கால் பங்கும் உன் மணிக்கட்டுக்குத்தான் வரும். காகிதத்தில் விழும் ஓட்டையைப் பார்த்தால் 9.0 மில்லிமீட்டருக்கும் 10.2 மில்லிமீட்டருக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான்.

கால் பங்கு என்ன பெரிய விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன். முதல் ஆறு மாசம் என் .40ஐத் தலையில் தூக்கி வைத்து ஆடினேன். ஆனால் இலக்கில் பார்த்தால் எல்லாக் குண்டும் இடது பக்கம் கீழே போய் விழும். குறிபார்க்கும் சைட் கோணல் என்றேன், தோட்டா மட்டம் என்றேன். சுட்டுப் பழகும் ரேஞ்சில் ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் என் மேகசினை வாங்கி, நான் பார்க்காதபடி ஐந்தாறு தோட்டாக்களுக்கு நடுவில் மருந்தில்லாத போலித் தோட்டா இரண்டைச் செருகிக் கொடுத்தார். மூன்றாவது விசையில் 'டிக்' என்று வெறும் சத்தம். வெடிக்கவில்லை, உதை இல்லை. ஆனால் குழலின் நுனி ஒரு விரற்கடை கீழே குனிந்தது. நான் தான் குனிய வைத்திருக்கிறேன். வரப்போகும் உதைக்குப் பயந்து, வெடிப்பதற்கு முன்பே என் கை அதை அமுக்கியிருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தன் 9 எம்.எம்.மை நீட்டினார்.

அந்தக் கெட்ட பழக்கம் போக எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. நீ இதுவரை கிளப் துப்பாக்கியில்தான் சுட்டிருக்கிறாய், சொந்தமாக இதுவே முதல் துப்பாக்கி என்கிறாய். அதுதான் என்னைத் தயங்க வைக்கிறது. கைக்குப் பழக்கம் படியும் காலத்தில் உதை குறைவாக இருந்தால் நல்லது. அதற்கப்புறம் எந்தக் காலிபரையும் எடுத்துக்கொள்ளலாம்.

தீனிக் கணக்கும் பார். யானை மலிவாகக் கிடைக்கும், கட்டித் தீனி போடுவதுதான் வேலை. .40 தோட்டா 9 எம்.எம்.மை விட விலை கூடத்தான் இருக்கும். ஈயமும் மருந்தும் அதிகம், வாங்குகிறவர்கள் குறைவு. மாசம் இருநூறு சுடுகிறவனுக்கு, துப்பாக்கியில் மிச்சம் பிடித்த காசு எத்தனை மாசத்தில் தோட்டாவில் கரைந்துபோகும் என்று உன் ஊர் விலையில் நீயே போட்டுப் பார். வருஷத்துக்கே இருநூறுதான் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், மலிவுத் துப்பாக்கிதான் லாபம். ஆனால் வருஷத்துக்கு இருநூறு சுடுகிறவன் துப்பாக்கி வாங்குவதே எதற்கு என்று உன் வீட்டில் கேட்பார்கள், அதற்கு நீதான் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும்.

தோட்டா கிடைக்காமலே போய்விடுமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். காலிபர் லேசில் சாகாது. .38 சூப்பர் 1920களின் கடைசியில் வந்தது, இன்னும் செய்கிறார்கள். செத்தது என்றால் .45 ஜி.ஏ.பி. மாதிரி இருக்க வேண்டும். 2003இல் வந்தது, அதை ஏற்ற துறைகளும் துப்பாக்கிகளும் கொஞ்சம், தேடினாலும் தோட்டா சிக்குவது கஷ்டம். .40 அப்படி இல்லை. முப்பது வருஷமாக விற்ற துப்பாக்கிகள் அலமாரிகளில் இருக்கின்றன, அவற்றுக்குத் தோட்டா செய்ய ஆள் இருப்பார்கள். இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற சங்கம் நடத்தும் துப்பாக்கிப் போட்டியின் லிமிடெட் பிரிவில் 'மேஜர்' (பலமான தோட்டா) என்று மதிப்பெண் வாங்க வேண்டுமென்றால் .40ஆவது இருக்க வேண்டும். இலக்கின் நடுவில் பட்டால் யாருக்கும் ஐந்துதான். சற்றுத் தள்ளிப் பட்டால் மேஜருக்கு நாலு, மைனருக்கு மூன்று. அந்த ஒரு மதிப்பெண்ணுக்காகவே ஒரு கூட்டம் .40ஐக் கைவிடாமல் வைத்திருக்கிறது. போட்டிக்குப் போகிற எண்ணம் உனக்கு இருந்தால் எழுது, என் பதில் மாறும்.

எனக்கு இப்போது .40 பிடித்திருப்பதற்குக் காரணம் வேறு. அதில் 9 எம்.எம். போடலாம்! தோட்டாவை அப்படியே மாற்றிப் போடுவதைச் சொல்லவில்லை, அந்தத் தப்பை மட்டும் செய்துவிடாதே. .40 ஸ்லைடுக்கென்றே (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பாகம்) வெளிப்பக்கம் தடிமனாகச் செய்த 9 எம்.எம். மாற்றுப் பேரல் (குழல்) கிடைக்கிறது. அதையும் 9 எம்.எம். மேகசினையும் மாட்டினால் ஒரே துப்பாக்கியில் இரண்டு காலிபர். 9 எம்.எம். துப்பாக்கியைப் பேரல் மட்டும் மாற்றி .40ஆக்க முடியாது, .40 தோட்டாவின் பெரிய அடிப்பாகத்துக்கு அதன் ஸ்லைடில் இடமில்லை. நான் வாரத்துக்கு வாரம் 9 எம்.எம்.தான் சுடுகிறேன், மாசக் கடைசியில் ஒருநாள் பழைய பேரலைப் போட்டு ஐம்பது சுடுவேன். .357 சிக் என்று ஒன்று 1994இல் வந்தது. அதற்கு மேகசின்கூட மாற்ற வேண்டாம், பேரல் போதும். ஆனால் .40க்கே மவுசு இல்லை என்று கவலைப்படுகிற நீ அந்தப் பக்கம் போகாதே. முக்கியமான விஷயம், சில இடங்களில் பேரலுக்கே தனி அனுமதி வேண்டும். உன் லைசென்ஸில் என்ன காலிபர் எழுதியிருக்கிறது, இரண்டாவது பேரலுக்கு அது இடம் கொடுக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்.

விற்கிறவரிடம் துப்பாக்கியைப் பார்க்கப் போனால், மேலே தேய்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. போலீஸ் துப்பாக்கி உறையில் உரசியே வெளுத்திருக்கும், சுட்டது கொஞ்சமாகத்தான் இருக்கும். காலியாக இருக்கிறதா என்று நீயே ஸ்லைடை இழுத்துக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுப் பிரித்துப் பார். ஸ்லைடைத் திரும்பத் தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங்கை எப்போது மாற்றினார் என்று கேள். .40இல் அது சீக்கிரம் களைத்துப்போகும், தெரியவில்லை என்றால் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுவிடு, பெரிய செலவில்லை. சைட்டில் இருட்டில் ஒளிரும் புள்ளி இருந்தால் அறையை இருட்டாக்கிப் பார். அது டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருள், பன்னிரண்டு வருஷத்துக்கொரு தரம் பாதியாகக் குறையும். பழைய துப்பாக்கியில் அனேகமாக அணைந்தே போயிருக்கும், பேரம் பேச உதவும்.

அவர் சும்மா தருகிறேன் என்றாலும் மறுநிரப்புத் தோட்டாவை வாங்காதே. பழைய .40 துப்பாக்கிகள் சிலவற்றில், பேரலுக்குள் தோட்டா உட்காரும் அறையின் அடிப்பக்கம் கூட்டை முழுசாகத் தாங்காது. அங்கே சுட்ட கூடு அடியில் லேசாகத் தொப்பை போட்டிருக்கும். அதைச் சரிசெய்து மறுபடி நிரப்பினால் அந்த இடம் பலவீனமாகத்தான் இருக்கும். ஒருவர் இப்படி ஒரு டப்பா எனக்குத் தள்ளிவிட்டார். நாலாவது தோட்டாவிலேயே கூடு பிளந்து மேகசின் தெறித்து விழுந்தது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு வாரம் கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. மிச்சத்தை ரேஞ்சுக்காரர்களிடம் கொடுத்துக் கழித்துவிட்டேன்.

என்னதான் சொல்கிறாய் என்று பல்லைக் கடிப்பாய், தெரியும். மாற்றுப் பேரலுக்கு உன் லைசென்ஸ் இடம் கொடுத்தால் வாங்கு, முதல் வருஷம் அதை 9 எம்.எம்.மாகவே சுடு. இடம் கொடுக்காது என்றால் விட்டுவிட்டு, கொஞ்சம் காத்திருந்து ஒரு பழைய 9 எம்.எம்.மைத் தேடு. ரெண்டுக்கும் முன்னால் ஒரு காரியம். அவரிடம் பேசி ஒரு மாசம் தவணை கேள். என் முழங்கால் சம்மதித்தால் அடுத்த மாசம் நான் உன் பக்கம் வருகிறேன். விற்கிற துப்பாக்கியையே உன் ரேஞ்சில் சுட்டுப் பார்க்கலாம், நூறு தோட்டாவுக்குச் சொல்லி வை. மேகசினை நிரப்புவது நான். போலித் தோட்டா எத்தனை, எங்கே என்று கேட்கக் கூடாது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்