கோச் அண்ணன், அவனிடம் கேட்காதீர்கள்

அன்புள்ள கோச் அண்ணனுக்கு,

உங்கள் அணி கோல்கீப்பரின் அத்தை எழுதுகிறேன். மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். இதை உங்களுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நம் சிங்கப்பூரில் ஈசூனிலும் உட்லண்ட்சிலும் தெம்பனிசிலும் ஒரு வெள்ளி கூட வாங்காமல் சனிக்கிழமை மாலைகளை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அண்ணன்மார் பலர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

போன ஆட்டத்தில் கார்னர் கிக் வந்தபோது அவனும் எதிரணிப் பையன் ஒருவனும் ஒரே பந்துக்கு எம்பினார்கள். தலையும் தலையும் மோதின. நீங்கள்தான் முதலில் ஓடினீர்கள். தண்ணீர் கொடுத்து, தோளைத் தட்டி, "ஓகேவா?" என்று கேட்டீர்கள். "ஓகே கோச்" என்றான். மீண்டும் கம்பத்தடியில் போய் நின்றான். வீட்டுக்கு வரும் வழியில் யார் ஜெயித்தது என்று தன் அப்பாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான்.

உங்கள் அக்கறையில் குறை இல்லை அண்ணன். பெரும்பாலான திடல்களில் இதுதான் வழக்கம். எனக்கு உறுத்துவது அந்த ஒரு கேள்விதான். அடி வாங்கிய மூளையிடமே "உனக்கு அடிபட்டிருக்கிறதா" என்று விசாரித்து, அது சொல்லும் பதிலை நம்பி ஆட்டத்தைத் தொடர்கிறோம். பதில் சொல்பவனோ ஆடத் துடிக்கும் பதினைந்து வயதுப் பையன்.

2014 உலகக் கிண்ண இறுதியாட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 17ஆவது நிமிடத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் முகத்தில் அர்ஜென்டினா வீரர் எசெகியேல் கராயின் தோள் மோதியது. விழுந்தார், எழுந்தார், ஆடினார். சற்று நேரத்தில் நடுவர் நிக்கோலா ரிசோலியிடம் போய், இது இறுதியாட்டம்தானா என்று கேட்டார். 31ஆவது நிமிடத்தில்தான் அவரை வெளியே அழைத்துப்போனார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம், கோட்டுக்கு வெளியே குழு மருத்துவர்கள். அங்கேயே அவ்வளவு நேரம் ஆனது. காரணம், அவர் ஓடிக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு நன்றாக இருந்தார்.

மூளையதிர்ச்சி, அதாவது கன்கஷன், என்றால் மயங்கி விழ வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மயக்கம் இல்லாமல் வருவதுதான் மிக அதிகம். தலையில்தான் அடிபட வேண்டும் என்பதும் இல்லை. பேருந்து சட்டென்று பிரேக் போட்டால் நிற்கிறவர் முன்னால் சாய்வது மாதிரி, தலை திடீரென்று நிற்கும்போதோ திரும்பும்போதோ மூளை மண்டையோட்டுக்குள் அசைகிறது, இழுபடுகிறது. அந்த இழுப்பில் நரம்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. அந்தச் சமநிலையைச் சரிசெய்ய மூளைக்குச் சர்க்கரை ஏராளமாகத் தேவை. அதே வேளையில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. தேவை கூடி வரத்து குறைந்த அந்த நாள்களில் மூளை பலவீனமாக இருக்கும். சிடி ஸ்கேனில் இது எதுவும் தெரியாது. ஸ்கேன் எடுப்பது ரத்தக் கசிவோ எலும்பு முறிவோ இருக்கிறதா என்று பார்க்க. "ஸ்கேன் நார்மல், அடுத்த வாரம் ஆடலாமா?" என்று கேட்கும் பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன். ஸ்கேன் நார்மல் என்பது ஆட அனுமதி ஆகாது.

தொடர்ந்து ஆடினால் என்ன ஆகும்? 2016இல் அமெரிக்காவில் பதின்ம வயது விளையாட்டாளர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். அடிபட்டதும் வெளியேறியவர்கள் குணமாகச் சராசரியாக 22 நாள், தொடர்ந்து ஆடியவர்களுக்கு 44 நாள். மிச்சமிருக்கும் இருபது நிமிட ஆட்டத்துக்காக மூன்று வாரம் கூடுதலாகப் போகிறது. அணியின் வெற்றியை மட்டும் கணக்கில் எடுத்தாலும் இது நஷ்டம்தான்.

சில வேளை நஷ்டம் வாரக் கணக்கோடு நிற்பதில்லை. கனடாவின் ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பெண் தன் பள்ளி ரக்பி அணியின் தலைவி. 2013 மே மாதம், ஒரு வாரத்துக்குள் சில முறை தலையில் அடிபட்டது. தலைவலியைத் தோழிகளிடம் குறுஞ்செய்தியில் சொல்லியிருக்கிறாள். பெரியவர்களிடம் சொல்லவில்லை. கடைசி ஆட்டத்தில் விழுந்தவள் பிழைக்கவில்லை. முதல் அதிர்ச்சி ஆறும் முன்பே இரண்டாவது அடி பட்டால் மூளை கட்டுக்கடங்காமல் வீங்கிவிடுவதுண்டு. அரிதுதான். ஆனால் அதில் போகிறவர்கள் பெரும்பாலும் இளம்பிள்ளைகள். அவள் பெற்றோர் விடாமல் போராடினார்கள். 2018இல் ஒன்டாரியோ மாநிலம் அவள் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது. அதன்படி விளையாட்டாளர்களும் பெற்றோரும் கோச்சுகளும் ஆண்டுதோறும் மூளையதிர்ச்சி பற்றிய குறிப்பைப் படித்தாக வேண்டும். சந்தேகம் வந்தால் வெளியே எடுப்பதற்கும் திரும்பச் சேர்ப்பதற்கும் எழுத்தில் விதி இருக்க வேண்டும்.

நாம் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்காட்லந்து 2015இல் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து வெளியிட்ட வழிகாட்டியின் சாரம் ஒரே வரி: சந்தேகமா, உட்கார வை. உங்கள் அணிக்கும் இந்த ஒரு வரி போதும்.

எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது? எழ நேரமாகிறது, தள்ளாடுகிறான், தலையைப் பிடித்துக்கொள்கிறான், பார்வை எங்கோ நிற்கிறது, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரியவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது. "இன்று என்ன கிழமை" என்று கேட்டுப் பயனில்லை, குழம்பியிருப்பவனும் சொல்லிவிடுவான். இது எந்தத் திடல், இப்போது முதல் பாதியா இரண்டாவதா, கடைசி கோல் யார் போட்டது, போன ஆட்டம் யாரோடு என்று கேளுங்கள். ஒன்று தவறினாலும் வெளியே. எல்லாம் சரியாகச் சொன்னாலும் சந்தேகம் இருந்தால் வெளியேதான், ஏனென்றால் சில அறிகுறிகள் வெளிப்பட மணிக்கணக்காகும். கன்கஷன் ரெகக்னிஷன் டூல் 6 என்று தேடினால் மருத்துவர் அல்லாதவர்களுக்காகவே தயாரித்த அட்டை இலவசமாகக் கிடைக்கும். கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்து வலி, வாந்தி, வலிப்பு, இரட்டைப் பார்வை, கைகால் மரத்துப்போவது அல்லது பலமிழப்பது, வரவர மோசமாகும் தலைவலி, நினைவு தப்புவது, மிரண்டு முரட்டுத்தனமாக நடப்பது, இவற்றில் எதைக் கண்டாலும் யோசிக்காமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். கழுத்து வலி என்றால் தூக்கி நிறுத்தாதீர்கள், படுத்தபடியே இருக்கட்டும். இவை இல்லாத பையனைக்கூட எம்ஆர்டி ரயிலில் தனியாக அனுப்ப வேண்டாம், யாராவது வந்து அழைத்துப்போகும்வரை கூடவே இருங்கள்.

வீட்டில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். கோடாலித் தைலம் தேய்த்துவிடுவார்கள். தேய்க்கட்டும், அதனால் கெடுதல் இல்லை. பனடோல் போட்டுக்கொண்டு ஆட வருவதுதான் ஆபத்து, மாத்திரை வலியை மறைத்துவிடும். தூங்கவே விடக்கூடாது என்று பாட்டிமார் விழிக்க வைப்பார்கள். மருத்துவர் பார்த்து அனுப்பிய பிறகு தூக்கம் நல்லது. அதேபோல் இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பதும் இப்போதைய வைத்தியம் இல்லை. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் சொன்னது, முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, கைபேசித் திரை பார்ப்பது குறைவு, மெல்ல நடக்கலாம். பிறகு படிப்படியாக: சைக்கிள், லேசான ஓட்டம், தனியாகப் பந்துப் பயிற்சி, மோதல் இல்லாத குழுப் பயிற்சி, மருத்துவர் சரி என்றபின் முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம். படிக்குப் படி குறைந்தது ஒரு நாள். எங்கள் கோல்கீப்பர் டைவ் அடிப்பது மருத்துவர் சரி சொன்ன பிறகுதான். பிரிட்டனில் சாதாரண அணிகளுக்கு 2023இல் வந்த வழிகாட்டி, 21 நாளுக்குள் போட்டியில் இறங்கவே கூடாது என்கிறது. எனக்கு அந்தக் கண்டிப்புப் பிடித்திருக்கிறது.

அவன் இப்போது பள்ளிக்கு அரை நாள் போகிறான். வெளிச்சம் கூசுகிறது, இரண்டு பக்கம் படித்தால் தலை கனக்கிறது. கட்டு இல்லை, தையல் இல்லை, அதனால் நண்பர்கள் "ஒன்னும் இல்லையேடா" என்கிறார்கள். கால் முறிந்திருந்தால் மாவுக்கட்டில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். தன்னால் அணி தோற்றுவிடுமோ என்ற கவலைதான் அவனுக்குப் பெரிய பாரம். நீங்கள் ஒரு முறை தொலைபேசியில் பேசினால் நான் சொல்லும் நூறு வார்த்தையைவிட அது அவனுக்குப் பெரிது. "உன் இடம் எங்கேயும் போகாது" என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் பெண்கள் அணியிடமும் இதையெல்லாம் சொல்லுங்கள். காற்பந்தில் பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு மூளையதிர்ச்சி அதிகம் வருகிறது.

வரும் சனிக்கிழமை பயிற்சிக்கு முன் பெற்றோரை ஒரு பத்து நிமிடம் திடலோரம் நிற்கச் சொல்ல முடியுமா? தமிழில் பேச நான் வருகிறேன். பேசி முடித்ததும் அவர்கள் முன்னால் நீங்கள் ஒன்று சொன்னால் போதும்: இனிமேல் தலையில் அடிபட்டவனை வெளியே எடுப்பது கோச்சின் முடிவு, அவனிடம் கேட்க மாட்டேன், எந்த அப்பாவும் மறுத்துப் பேசக்கூடாது என்று.

அன்புடன்,
உங்கள் கோல்கீப்பரின் அத்தை