பிள்ளை வாய் திறந்த பிறகு வரும் மூன்று நாட்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடந்தால் அது பத்திரிகையில் எப்படி வரும் என்பது எல்லோருக்கும் பழகிவிட்டது. கிராமத்தின் பெயர், பிள்ளையின் வயது, சந்தேகநபர் பிள்ளைக்கு என்ன முறை, விளக்கமறியல் எத்தனை நாள். அதோடு செய்தி முடிந்துவிடும். ஆனால் அந்த வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் கைதுக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. பிள்ளை முதன்முதலாக வாய் திறந்த நேரத்திலிருந்து 72 மணித்தியாலங்களுக்குள் வீட்டிலும் பாடசாலையிலும் என்ன நடந்தது என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது. அதைப் பற்றியே இதை எழுதுகிறோம்.

உலகில் 2 முதல் 17 வயது வரையான பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேர், அதாவது 100 கோடி அளவிலானோர், ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு வகை வன்முறைக்கு ஆளாகிறார்கள் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பு. கை வைப்பவர் எங்கிருந்தோ வந்த அந்நியர் அல்லர். அநேகமாகப் பிள்ளை மாமா என்றும் சித்தப்பா என்றும் சேர் என்றும் கூப்பிடுகிற ஒருவர்தான். 2009க்குப் பிறகு தாயோடு மட்டுமோ அம்மம்மாவோடு மட்டுமோ வளரும் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் ஏராளம். அம்மா விடியப்புறம் வேலைக்கு பஸ் ஏறிவிட்டால், பிள்ளை அன்று சொல்ல நினைத்ததை யாரிடம் சொல்லும்? சொன்னாலும் கேட்பவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரிவதில்லை.

முதல் பிழை, திரும்பத் திரும்பக் கேட்பது. பிள்ளை அம்மாவிடம் சொல்லும். அம்மா பெரியம்மாவைக் கூப்பிட்டு, "பெரியம்மாவுக்கும் சொல்லு" என்பார். பிறகு வகுப்பாசிரியர், அதிபர், கிராம அலுவலர், பொலிஸ், வைத்தியர். ஏழெட்டுத் தரம் சொன்ன பிள்ளையின் கதையில் நாள் மாறும், நேரம் மாறும். ஆண்டுகள் கழித்து வழக்கு விளங்கும்போது எதிரியின் சட்டத்தரணி தூக்கிப் பிடிப்பது அந்த வித்தியாசங்களைத்தான். "அவன் இப்பிடித்தானே செய்தவன்?" என்று நாமே விடையை ஊட்டிக் கேட்டிருந்தால் இன்னும் மோசம்.

ஆகவே ஒருவர் மட்டும் கேளுங்கள். பிள்ளை தானாகச் சொல்வதை இடைமறிக்காமல் கேட்டு, நான்கு விடயம் மட்டும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: யார், எங்கே, கடைசியாக எப்போது, இப்போது எங்காவது நோகிறதா. "ஏன் கத்தவில்லை", "ஏன் அப்பவே சொல்லவில்லை" என்ற கேள்விகள் வேண்டவே வேண்டாம். அவை பிள்ளையின் வாயை அடைத்துவிடும். உடனே ஒரு கொப்பியில் திகதி, நேரம் போட்டு, பிள்ளையின் சொல்லிலேயே எழுதுங்கள். "மாமா விளையாட்டுக் காட்டினவர்" என்று பிள்ளை சொன்னால் அப்படியே எழுத வேண்டும். "பாலியல் துஷ்பிரயோகம் செய்தார்" என்று நாம் திருத்தி எழுதினால் அது பிள்ளையின் பேச்சு இல்லை. பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து சாட்சியமாக்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. அதற்கு வழியுண்டா என்று பொலிஸாரிடம் கேளுங்கள்.

இரண்டாவது பிழை கிணற்றடியில் நடக்கிறது. கேட்டு அதிர்ந்த தாய் முதலில் செய்வது பிள்ளையைக் கூட்டிப்போய் நாலு வாளி அள்ளி ஊற்றிக் குளிப்பாட்டுவதுதான். சட்டை சவர்க்காரத் தண்ணீரில் ஊறும், பிறகு கொடியில் காயும். தாயின் மனம் அப்படித்தான் போகும், அதில் குற்றம் காண முடியாது. ஆனால் அந்த வாளித் தண்ணீரோடு தடயமும் போய்விடும். சம்பவம் நடந்து மூன்று நாட்களுக்குள் என்றால் குளிக்க வார்க்க வேண்டாம், உடுப்பைத் தோய்க்க வேண்டாம். அணிந்திருந்த உடுப்புகளை உதறாமல், ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுத்தமான கடதாசியில் சுற்றிக் கொண்டுபோங்கள். சொப்பிங் பைக்குள் போட்டுக் கட்டினால் ஈரம் வெளியேறாமல் பூஞ்சணம் பிடிக்கும், தடயம் அழுகும். ஈரமாக இருந்தால் நிழலில் உலர விட்டுச் சுற்றலாம். ஏற்கெனவே தோய்த்தாயிற்று என்றாலும் உடுப்பைக் கொண்டுபோகத்தான் வேண்டும். நடந்ததை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பொலிஸுக்குப் போய் வந்த பிறகுதான் வைத்தியசாலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நேரே வைத்தியசாலைக்குப் போகலாம். அங்கிருந்தே பொலிஸுக்கு அறிவிப்பார்கள். முடிந்தால், பிள்ளையைப் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கும் சட்ட வைத்திய அதிகாரி உள்ள மாவட்டப் பொது வைத்தியசாலைக்கே போவது நல்லது, சின்ன வைத்தியசாலையில் காத்திருந்து மாற்றி அனுப்பப்படும்போது ஒரு நாள் போய்விடும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து தேவைப்பட்டால் சம்பவம் நடந்து 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். பெரிய பிள்ளை என்றால் அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் நேரக்கணக்கு உண்டு. மூன்று நாள் கடந்துவிட்டால் போய்ப் பயனில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். சிகிச்சையும் பிள்ளையின் வாக்குமூலமும் எப்போதும் பயன்படும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பரிசோதித்த வைத்தியர் "காயம் ஒன்றும் இல்லை" என்றால் வீட்டார் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கிவிடுகிறார்கள். துஷ்பிரயோகத்துக்கு ஆளான பிள்ளைகளில் அதிகமானோருக்கு உடற்பரிசோதனை சாதாரணமாகவே இருக்கும். பல செயல்கள் காயம் விடுவதில்லை, விட்டாலும் பிள்ளைகளின் உடலில் சில நாட்களில் ஆறிவிடும். காயம் இல்லை என்பது நடக்கவில்லை என்பதாகாது.

பிறகு வருவது சமாதானம். ஊர்ப் பெரியவர்கள் கூடுவார்கள், காசு பேசப்படும், சில வேளை "அவனுக்கே கட்டி வைப்பம்" என்றும் பேசப்படும். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் சம்மதம் சட்டத்தின் முன் சம்மதமே இல்லை. இது ஊர் பேசித் தீர்க்கும் வேலிச் சண்டையும் அல்ல.

குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டிலேயே இருப்பவரானால் பெரும்பாலும் பிள்ளைதான் சிறுவர் இல்லத்துக்குப் போகிறது. அண்ணன் தம்பியைப் பிரிந்து, பாடசாலையும் மாறி, தண்டனை தனக்குத்தான் என்று அது நினைத்துக்கொள்ளும். பொறுப்பான உறவினர் ஒருவரிடம் பிள்ளையை ஒப்படைக்க நீதவானால் முடியும். அதற்கு நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை வேண்டும். எனவே நீதிமன்றத்தில் முதல் தவணைக்கு முன்பே அம்மம்மாவோ பெரியம்மாவோ அடையாள அட்டை, கிராம அலுவலரின் கடிதம் இரண்டோடும் அந்த உத்தியோகத்தரைச் சந்திக்க வேண்டும். தாமதித்தால் இல்லத்துக்கான கட்டளை போட்டாகிவிடும்.

அடிப்பதைப் பற்றியும் ஒரு சொல். "அடியாத மாடு படியாது" என்று இன்னும் பெருமையாகச் சொல்கிறோம். காதோடு பொத்தி விழும் ஓர் அறை செவிப்பறையைக் கிழிக்கும். ஆசிரியர் அறைந்து கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட தென்னிலங்கை மாணவர் ஒருவரின் வழக்கில், ஆசிரியர் 5 இலட்சம் ரூபாவும் அரசு ஒன்றரை இலட்சம் ரூபாவும் கொடுக்க வேண்டும் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடசாலையில் உடல் ரீதியான தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005 முதலே இருக்கிறது. அது அதிபரின் கோப்பில் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் கேட்க ஒன்று உண்டு. அறுபது குடும்பம் உள்ள குடியிருப்பில், கிராமத்தின் பெயரும் வயதும் தகப்பனின் தொழிலும் போட்டால் பெயரைத் தவிர்த்து என்ன பயன்? அடுத்த நாள் காலை சந்தையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சந்தேகநபரின் உறவுமுறையை எழுதினாலே பிள்ளை யாரென்று ஊர் பிடித்துவிடும். மாவட்டத்தோடு நிறுத்துங்கள். இத்தகைய ஒவ்வொரு செய்தியின் கீழும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தைப் பெட்டி கட்டிப் போடுங்கள். இருபத்துநான்கு மணித்தியாலமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே கதைக்கலாம், அழைப்பவர் தன் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்ற மூன்றையும் அதோடு சேருங்கள். அழைக்கும்போது பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது, எந்தக் கிராம அலுவலர் பிரிவு, இன்றிரவு சந்தேகநபரும் அதே வீட்டில்தான் படுப்பாரா என்பதை முதலில் சொல்ல வேண்டும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வைக்கவும் வேண்டும். இதையும் ஒரு வரியில் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
சிறுவர் பாதுகாப்புப் பணியில் உள்ள சிலர்,
கிளிநொச்சி, முல்லைத்தீவு.