வியாழக்கிழமை அரை நாள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன மாதம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், அணிகள் கார் நிறுத்தும் பேடாக்குக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் கோபமாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "புதுசா வர்ற ரூக்கிப் பசங்களுக்கு மட்டும் வியாழக்கிழமை அரை நாள் தனி பிராக்டிஸாம். எனக்கு யாரு குடுத்தா? நான் வந்தப்ப நாலு லேப் சுத்திட்டு நேரா ஸ்டார்ட் வரிசை போடுற குவாலிஃபையிங்." சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்குத் திரும்பும்போது பூந்தமல்லி நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். அங்கேதான் நீங்கள் சொன்னதில் பாதி தப்பு என்று பட்டது. மீதிப் பாதியில் நீங்கள் நினைத்ததைவிடப் பெரிய நியாயம் இருக்கிறது. போனில் சொன்னால் நடுவில் என்னைப் பேச விடமாட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

நான் கார் ஓட்டுகிறவன் இல்லை, கொடி பிடிக்கிறவன். 17 வருடமாக வார இறுதிகளில் மார்ஷல் வேலை. நீங்கள் என்னைக் கடக்கும்போது நான் உங்களுக்கு ஓரத்தில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி, அவ்வளவுதான். ஆனால் அந்தப் புள்ளி இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். விஷயமே அதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, காலை முதல் பிராக்டிஸ். 16 வயது இருக்கும், ஒரு பையன் பிட்டிலிருந்து வெளியே வந்த முதல் சுற்றிலேயே நான் கொடியோடு நிற்கும் போஸ்ட்டுக்கு எதிரே சுழன்றான். டயர் சூடாகவில்லை. வரிப்பள்ளம் இல்லாத ஸ்லிக் டயர் சூடேறாவிட்டால் ஈரத் தரையில் வைத்த சோப்பு மாதிரி என்று அவனுக்கும் யாராவது சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். காதுக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை. கார் பாதைக்குக் குறுக்கே, என்ஜின் நின்றுபோய்க் கிடந்தது. நான் மஞ்சள் கொடியை ஆட்ட, பக்கத்தில் இருந்தவர் ரேடியோவில் கத்த, பின்னால் இரண்டு கார் வந்தன. முதல் கார் நீங்கள். கொடியைப் பார்த்து வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போனீர்கள். போகிறபோக்கில் எனக்கு ஒரு கையைக்கூடத் தூக்கினீர்கள். இரண்டாவது காரில் இன்னொரு ரூக்கி. அவன் கொடியைப் பார்க்கவே இல்லை. குறுக்கே நின்ற காரைக் கடைசி நிமிடத்தில் பார்த்து, புல்லில் இறங்கி, எங்கள் தடுப்புக்கு இரண்டு கார் நீளம் இருக்கும்போது வந்து நின்றான்.

சுழன்ற பையனை ஓரம் கட்டிக் கூட்டிவந்தோம். கை நடுங்கியதில் அவனால் கையுறையைக் கழற்ற முடியவில்லை. நான்தான் விரல் விரலாக இழுத்து எடுத்தேன், உள்ளே வேர்வையில் தோல் ஊறிப்போயிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி: "அங்கிள், இது எத்தனாவது டர்ன்?"

நம் பாதை 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. இன்றைக்குப் பிள்ளைகள் வீட்டில் சிமுலேட்டரில் உட்கார்ந்து எந்தப் பாதையையும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அந்தப் பாதையில் வேர்வை இல்லை, வெயிலில் கொதிக்கும் தார் இல்லை, என்னை மாதிரி ஆளும் இல்லை. உங்களிடம் ஒருமுறை பிரேக் எங்கே பிடிப்பீர்கள் என்று கேட்டேன். தூரம் காட்டும் போர்டையெல்லாம் பார்க்க மாட்டேன், தாரில் ஒட்டுப்போட்ட ஒரு இடம் இருக்கிறது, அதைத் தாண்டினால் பிடிப்பேன் என்றீர்கள். அந்த ஒட்டு உங்களுக்கு எத்தனை வருடத்தில் கிடைத்தது? அரை நாளில் ஒரு பையன் மிஞ்சிப்போனால் 30 சுற்று போவான். 110 கிலோமீட்டர். இத்தனை வருடத்தில் நீங்கள் ஓட்டியதை நீங்களே எண்ணி வைத்திருக்க மாட்டீர்கள். 110 கிலோமீட்டரில் அவன் உங்களைப் பிடித்துவிடுவான் என்று நீங்கள் பயப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. அப்புறம் என்ன கோபம்?

எனக்குக் கிடைக்காதது அவனுக்கு எதற்கு என்கிற கோபம். அது புரிகிறது. ஆனால் இந்த டிராக் வந்ததே 1990-இல்தான். அதற்கு முன் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ஓட்டியவர்கள் உங்கள் தலைமுறையைப் பார்த்து, "இவனுங்களுக்குத் தனியா டிராக்கே கட்டிக் குடுத்துட்டாங்க" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

2009-இல் நடந்த ஒரு கதை உங்களுக்குப் பிடிக்கும். செலவைக் குறைக்க வேண்டும் என்று அந்த ஆண்டு ஃபார்முலா ஒன்னில் சீசன் நடுவே, பந்தயத்துக்கு வெளியே காரை ஓட்டிப் பார்க்கும் டெஸ்டிங் கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள். ஜூலையில் ஹங்கேரிக்கு டோரோ ரோஸோ அணி, ஹைமே அல்குவெர்சுவாரி என்ற 19 வயதுப் பையனைக் கொண்டுவந்தது. ஃபார்முலா ஒன் காரில் முறையான டெஸ்ட் இல்லாமலே நேராகப் பந்தயத்துக்கு வந்தவன். அதே வார இறுதியில், முன்னால் போன காரிலிருந்து கழன்ற ஸ்பிரிங் ஹெல்மெட்டில் அடித்து ஃபெராரி ஓட்டுநர் ஃபெலிப்பே மாஸாவுக்குப் பலத்த காயம். அவர் இடத்துக்கு ஃபெராரி ஷூமாக்கரைக் கூப்பிட்டது. ஏழு முறை உலக சாம்பியன், கிட்டத்தட்ட மூன்று வருடமாகப் பந்தயத்தில் இல்லை, அந்த ஆண்டுக் காரில் ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டார்கள். வில்லியம்ஸ், ரெட் புல், டோரோ ரோஸோ மூன்றும் முடியாது என்றன. எங்கள் பையனுக்கு இல்லாத சலுகை உங்கள் சாம்பியனுக்கு மட்டும் ஏன் என்பதுதான் வாதம். கடைசியில் கழுத்து வலியால் ஷூமாக்கர் வரவே இல்லை, அது வேறு கதை. எனக்கு முக்கியம் அதற்குப் பிறகு நடந்தது. யாருக்கும் கிடையாது என்று கதவைச் சாத்தவில்லை. அடுத்த ஆண்டு விதியிலேயே, சீசன் நடுவில் புதிதாக வரும் ஓட்டுநருக்கு ஒரு நாள் பயிற்சி உண்டு என்று எழுதிவிட்டார்கள்.

அந்த 2010-இல்தான் நம்ம ஊர் கருண் சந்தோக் பஹ்ரைனில் இறங்கினார். புது அணி, கார் தயாராகவில்லை, மூன்று பிராக்டிஸும் போயிற்று. அந்தக் காரில் அவர் முதல்முதலாக ஓட்டியதே குவாலிஃபையிங்கில்! மறுநாள் பந்தயம் தொடக்கத்திலேயே விபத்தில் முடிந்தது. இரண்டு வாரம் கழித்து மெல்போர்னில் அதே காரில் 14-ஆவதாகப் பந்தயத்தை முடித்தார். இடைப்பட்ட இரண்டு வாரத்தில் அவருடைய திறமையா மாறியது? அன்றைக்கு டிவி முன்னால் நீங்கள் எவ்வளவு திட்டினீர்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ஒரு லேப்கூட ஓட விடாம எப்படிடா இறக்குவீங்க" என்று கேட்டீர்கள்.

அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் இன்னும் கறார். முதல் தடவை வருகிறவர் படிப்படியாக வேகத்தைக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் இத்தனை சுற்று என்று ஓட்டிக் காட்டினால்தான் மேலே விடுவார்கள். 2017-இல் பெர்னாண்டோ அலோன்சோ, இரண்டு முறை உலக சாம்பியன், அவரும் அந்த ரூக்கி டெஸ்ட்டை ஓட்டிவிட்டுத்தான் வந்தார். அங்கே அதைச் சலுகை என்று யாரும் சொல்வதில்லை, டிரைவிங் லைசென்ஸுக்கு எட்டு போடுகிற மாதிரி ஒரு கட்டாயம்.

சரி, இனி உங்கள் பக்கத்துப் பாதிக்கு வருகிறேன். நீங்கள் பார்க்காததை நான் பார்க்கிறேன். பந்தயம் இல்லாத வாரங்களில் டிராக்கை வாடகைக்கு எடுத்துத் தனியாகப் பயிற்சி ஓட்டுகிறார்களே, அந்த நாட்களுக்கும் மார்ஷல் வேண்டும். என்னையும் கூப்பிடுவார்கள். போன வருடம் ஒரே பையன் மூன்று தடவை வந்தான். இரண்டு மெக்கானிக், ஒரு என்ஜினியர், லேப்டாப், புது டயர் அடுக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் துபாய், அபுதாபி போய் ஓட்டிவிட்டு வந்தவன். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன், தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் என்ட்ரி படிவத்தில் அவனும் ரூக்கி. கையுறை கழலாமல் நடுங்கினவனும் ரூக்கி. நடுங்கினவனுடைய அப்பா லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார், டயரை அடுத்த பந்தயத்துக்கும் வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டவர். இப்போது அறிவித்திருக்கும் வியாழக்கிழமைக்குக் கட்டணம் தனி, டயர் தனி. பட்டறைக்காரர் மகன் அன்றைக்கு வரமாட்டான். துபாய்க்காரன் நான்காவது தடவையாக வருவான்.

இங்கேதான் அண்ணா நீங்கள் கோபப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் கோபப்பட்டதோ பையன்கள் மேல்.

மேலே ஃபார்முலா ஒன்னிலும் இதே பஞ்சாயத்துதான். மெர்சிடீஸ் அணி 2024-இல் கிமி ஆன்டொனெல்லி என்ற இளம் ஓட்டுநரைப் பழைய கார்களில் ஊர் ஊராகக் கூட்டிப்போய் ஓட்டவைத்தது. பழைய காருக்கு அப்போது அளவு கிடையாது. பணம் இருக்கிற அணி எவ்வளவும் ஓட்டலாம். அவ்வளவு ஓட்டியும் மோன்ஸாவில் அவருடைய முதல் அதிகாரப்பூர்வ பிராக்டிஸில் பத்து நிமிடத்துக்குள் காரைச் சுவரில் விட்டார். அடுத்த மார்ச்சில் மெல்போர்னில் 16-ஆவது இடத்தில் கிளம்பி நான்காவதாக வந்தார், அதுவும் உண்மை. 2025-இலிருந்து பந்தயத்தில் ஓட்டும் டிரைவருக்குப் பழைய கார் 4 நாள், 1000 கிலோமீட்டர், அதற்கு மேல் கூடாது என்று கட்டிவிட்டார்கள். இன்னொரு பக்கம், எல்லா அணியும் ஒவ்வொரு காரிலும் ஆண்டுக்கு இரண்டு முறை முதல் பிராக்டிஸைப் புதுப் பையனுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். முன்பு அது ஒருமுறைதான். காசு கொடுத்து வாங்குவதற்கு வரம்பு, எல்லோருக்கும் கிடைப்பது இரட்டிப்பு. நாம் கேட்க வேண்டியதும் அதுதானே?

அதனால் மனு ஒன்று எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமை இருக்கட்டும், ஆனால் என்ட்ரி பீஸிலேயே சேர்ந்து, ஒரு செட் டயரோடு, ரூக்கி என்றால் கட்டாயம். அந்த சீசனில் இந்த டிராக்கில் தனியாக ஓட்டியவனுக்கு, ஓட்டிய அளவு கழித்துக்கொள்ளப்படும். ஓட்டி முடித்ததும் ஒவ்வொருவனையும் நிறுத்தி, எந்த போஸ்ட்டில் என்ன கொடி பார்த்தாய் என்று கேட்க வேண்டும், சொல்லத் தெரியாதவன் மறுபடி போக வேண்டும். இது முழுக்க என் சுயநலம், ஒத்துக்கொள்கிறேன். கடைசி அரை மணி நேரம் இரண்டு சீனியர்கள் முன்னால் போக, பையன்கள் பின்னால் வரட்டும். அந்தச் சீனியரில் ஒருவராக உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன், கேட்காமலே. இலவசமாக உங்களுக்கும் பத்து சுற்று.

2024-இல் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரிப் பந்தயம் நடந்ததே, அப்போது ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? அந்தச் சாலையில் அதுவரை யாருமே ரேஸ் கார் ஓட்டியதில்லை, மாநகரப் பேருந்துதான் ஓடியது. பழம் தின்று கொட்டை போட்டவனுக்கும் நேற்று வந்தவனுக்கும் அன்றைக்கு அந்த மேடு பள்ளம் ஒன்றுதான். அன்று மட்டும் ஒருவரும் நியாயம் அநியாயம் பேசவில்லை.

மனுவில் இதுவரை 11 கையெழுத்து, எல்லாம் மார்ஷல்கள். டிரைவர் கையெழுத்து ஒன்றுகூட இல்லை. முதல் வரியை உங்களுக்காக விட்டுவைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு காலை டிரைவர்ஸ் பிரீஃபிங் முடிந்ததும் டீக்கடைப் பக்கம் வருகிறேன். பேனா என்னிடம் இருக்கும், உங்கள் கண்ணாடியை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆரஞ்சுப் புள்ளி