படத்தில் இருப்பது ரைஃபிள் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பஞ்சாயத்து உத்தரவின்பேரில் காட்டுப்பன்றி சுட்ட செய்தியைப் போன வாரம் போட்டிருந்தீர்கள். படத்தில் இரட்டைக்குழல் துப்பாக்கி, கீழே 'தானியங்கி ரைஃபிள்' என்று எழுத்து. டீக்கடையில் அதை நம்பி நாலு பேர் என்னிடமே வாதாடினார்கள். போலீஸ் ஆயுதக் கிடங்கில் 19 வருஷம் 303 ரைஃபிளுக்கு எண்ணெய் போட்டவன் நான், சும்மா இருக்க முடியவில்லை.

லைசென்ஸ்காரர்கள் வைத்திருக்கும் 315 ரைஃபிள், மேற்கு வங்கத்து இச்சாப்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்வது. 303 ராணுவத் தோட்டா, பொதுமக்களுக்குக் கிடையாது என்பதால் 303-இன் அதே லீ என்ஃபீல்ட் (பழைய பிரிட்டிஷ் ரைஃபிள்) அமைப்பை 315 தோட்டாவுக்கு மாற்றிக்கொண்டார்கள். அதில் தானாக நடப்பது எதுவும் இல்லை. சுட்டதும் போல்ட்டின், அதாவது குழலின் பின்வாயை அடைக்கிற இரும்புத் தண்டின், கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுக்க வேண்டும்; போல்ட்டின் முனையிலுள்ள கொக்கி காலித் தோட்டாவை விளிம்பில் பிடித்து உருவி வெளியே தள்ளும். சுடச்சுட விழும், எனக்கு மணிக்கட்டில் தழும்பே இருக்கிறது. முன்னால் தள்ளினால் மேகசினிலிருந்து, அதாவது தோட்டாப் பெட்டியிலிருந்து, அடுத்தது ஏறும், கைப்பிடியை இறக்கினால் பூட்டிக்கொள்ளும். அப்புறம்தான் அடுத்த வெடி.

லீ என்ஃபீல்டில், வெடிக்கும்போது போல்ட் பின்னால் வராமல் பூட்டுகிற காதுகள் (சின்னத் துருத்தல்கள்) போல்ட்டின் பின்பக்கம் இருக்கும். ஜெர்மனியின் 1898 மௌசர் ரைஃபிளில் முன்பக்கம், தோட்டாவை ஒட்டியே இரண்டு, பின்னால் காவலுக்கு ஒன்று. வெடிக்கிற இடத்திலேயே பூட்டு விழுவதால் அதுதான் உறுதி என்பேன். ஆனால் கை வேகம் லீ என்ஃபீல்டில்தான். இந்தச் சண்டை கிடங்கில் தினமும் நடந்தது, தீரவே இல்லை.

சரி, இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். இரட்டைக்குழலில் குழலின் உள்பக்கம் வழவழவென்று இருக்கும், ரவை சிதறிப்போகும், நாற்பது ஐம்பது கஜம் தாண்டினால் பன்றிக்கு வேலைக்காகாது. ரைஃபிள் குழலுக்குள் திருகாணி மாதிரி புரி வெட்டியிருப்பார்கள், குண்டு சுழன்றுகொண்டே நேராகப் போகும், பன்றி தப்பினால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். 2022-இலிருந்து கேரளாவில் பஞ்சாயத்துத் தலைவரே பன்றி சுட உத்தரவு போடலாம். குமுளிச் சரிவில் விடிந்தும் விடியாமல் பனிக்குள் ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள், எந்தத் துப்பாக்கி வந்திருக்கிறது, பன்றிக்குப் பின்னால் குண்டைத் தடுக்க மண்மேடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? பேப்பரே மாற்றி எழுதினால் அவர்கள் யாரைக் கேட்பது?

திருத்தம் போடுங்கள். அடுத்த தடவை படம் வந்தால் குழல் ஒன்றா இரண்டா என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகன், குமுளி