செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். குடும்பத்தில் முதல் ஆளாக மருத்துவம் படிக்கச் செல்லும் மாணவர்களுக்குத் துணைநிற்பதற்கென வேலூரில் இயங்கிவரும் நம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். குறித்த நேரத்தில் குறைவெண் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) நிறைவு பெறாததால், விதிப்படி அரை மணி நேரம் ஒத்திவைத்து மீண்டும் கூட்டப்பட்ட கூட்டம் இது என்பதைக் குறிப்பேட்டின் பொருட்டுப் பதிவு செய்கிறேன்.

சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றப்பட்டது. ஜூலை 1 மருத்துவர் தினத்தன்று மூத்த உறுப்பினர்களுக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. பொங்கல் குடும்ப விழா வழக்கம்போல் நடைபெற்றது. மறைந்த உறுப்பினர்களுக்கு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றப்பட்டு, குடும்பத்தாருக்கு அனுப்பப்பட்டது. செயற்குழு உரிய இடைவெளியில் கூடியது. வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே முகங்களே.

இனி, நம் மருத்துவர்கள் வாரந்தோறும் மருத்துவ மாணவர்களோடு அமர்ந்து பாடத்திலும் பேச்சிலும் துணைநிற்கும், இந்த ஆண்டின் முதன்மைப் பணியான சனிக்கிழமை அமர்வு பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். அதைக் குறித்து நேரிலும் மறைமுகமாகவும் பல கருத்துகள் சொல்லப்பட்டுவிட்டதால், அதன் தேவையை எழுத்தில் வைப்பது என் கடமையாகிறது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2020இல் நடைமுறைக்கு வந்தது. நீதியரசர் கலையரசன் ஆணையம் பரிந்துரைத்தது 10 விழுக்காடு. அரசு ஏற்றது 7.5. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்விலும் தகுதி பெற்றவர்களே இதன்கீழ் வருகிறார்கள். அவர்களுக்குரிய கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டின் வழியே முன்னரே வந்துகொண்டிருந்த பிள்ளைகளோடு, ஆலங்காயத்திலிருந்தும் ஒடுகத்தூரிலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் தமிழ்வழியில் படித்த பிள்ளைகளும் வெள்ளைக் கோட்டு அணியத் தொடங்கியது இவ்வாறுதான். இடம் கிடைத்த நாளில் ஊரே திரண்டு வாழ்த்துகிறது, பத்திரிகையில் படம் வருகிறது. அதற்குப் பின் ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளை விடுதியில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று எவரும் கேட்பதில்லை.

தேசிய மருத்துவப் பாடத்திட்டத்தில் 2019 முதல் அறிமுகப் பயிற்சி ஒன்று உண்டு. அதில் மொழித்திறனும் கணினியும் கற்பிக்கப்படுகின்றன. எனினும் பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்தவருக்குச் சில வார ஆங்கிலம் எம்மட்டுக்கு உதவும் என்பது பாடம் நடத்தியவர்களுக்குத் தெரியும். முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்றும் ஒன்றாக வந்து விழுகின்றன. எழுத்துத் தேர்வில் எப்படியோ கரையேறுகிறவர்கள்கூட வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில், எதிரே தேர்வாளர் உட்கார்ந்து கேட்கும்போது, தெரிந்த விடையையும் விழுங்கிவிடுகிறார்கள்.

ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொன்னால் விளங்கும். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வரும், பீடி சுற்றும் குடும்பத்தைச் சேர்ந்த முதலாண்டு மாணவி ஒருவரிடம் நம் மூத்த மருத்துவர் தொடை எலும்பை எடுத்துக் கொடுத்து, எந்தப் பக்கத்துக் கால் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தப் பெண் எலும்பை வாங்கியவுடனே சரியாகத் திருப்பித் தம் வலது தொடையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். கை சொன்ன விடையை வாய் சொல்லவில்லை. "தமிழிலேயே சொல்லும்மா" என்றார் மருத்துவர். தலை உள்பக்கமாக மேல்நோக்கி இருக்க வேண்டும், தண்டின் வளைவு முன்புறம் வர வேண்டும், லீனியா ஆஸ்பெரா என்னும் முகடு பின்னால் போக வேண்டும், அப்படிப் பிடித்தால் குழி விழுந்த இந்த முனை கீழே வருகிறது, ஆகவே வலது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அதே விடையை மறுவாரம் பாதி ஆங்கிலத்திலும், அடுத்த மாதம் முழு ஆங்கிலத்திலும் சொன்னார். இதில் நாம் கற்பித்தது உடற்கூறியல் அன்று. தவறாகச் சொன்னாலும் யாரும் சிரிக்காத ஓர் அறையை வாரத்துக்கு ஒருமுறை திறந்துவைத்தோம், அவ்வளவே.

அமர்வுக்கு வருவோருக்கு போன் செட் (உடற்கூறியல் படிப்புக்கான எலும்புத் தொகுப்பு) இரவல் தரும் ஏற்பாடும் இவ்வாண்டு தொடங்கப்பட்டது. கட்டணத்தை அரசு செலுத்தினாலும் போன் செட், ஸ்டெதஸ்கோப், பாடநூல், தேர்வு நேரத்து நகலெடுப்புச் செலவு ஆகியவை பிள்ளையின் வீட்டின்மீதே விழுகின்றன. சீனியரிடமிருந்து ஜூனியருக்குப் பாதி விலைக்குக் கைமாறும் வழக்கம் விடுதிகளில் உண்டென்றாலும், அறிமுகமில்லாத பிள்ளைக்கு அந்தக் கைமாற்றும் எட்டுவதில்லை. உறுப்பினர்கள் தங்கள் வீட்டுப் பரண்களில் இருக்கும் எலும்புப் பெட்டிகளைத் தந்துதவ வேண்டுமென்று சுற்றறிக்கை அனுப்பினேன். தந்தவர்களுக்கு நன்றி. பரணில் இருப்பதாகச் சொல்லி இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும் முன்கூட்டியே நன்றி.

"சங்கத்தைச் செயலாளர் தனிப்பயிற்சி நிலையமாக்கிவிட்டார்" என்பது ஒரு குற்றச்சாட்டு. "ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்கே எல்லாமா?" என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு முதலில் விடை கூறுகிறேன். அமர்வு எவருக்கும் மூடப்பட்டதன்று. அரசுக் கல்லூரிகளில் 15 விழுக்காடு இடம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்வதால் வடமாநில மாணவர்களும் இங்கு வந்து படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் தடையின்றிப் பேசும் அவர்கள், வார்டில் ஒடுகத்தூர்ப் பாட்டியிடம் நோய்க்குறிப்பு எடுக்க முடியாமல் நிற்கிறார்கள். நம் அமர்வில் தமிழ்வழிப் பிள்ளைகளே நோயாளியாகவும் ஆசிரியராகவும் மாறிமாறி அமர்ந்து அவர்களுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். வலி எங்கே தொடங்கி எங்கே ஓடுகிறது, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, இரவில் தூக்கம் கெடுகிறதா என்று நோயாளியிடம் முகங்கொடுத்துக் கேட்கும் அந்த வேலையில் பேரணாம்பட்டுப் பெண் கைதேர்ந்தவர். பதிலுக்கு வடமாநில மாணவர்கள், ஆங்கிலத்தில் கேஸ் ஒப்புவிக்க, அதாவது நோயாளியின் விவரத்தை எடுத்துச் சொல்ல, தமிழ்வழிப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டார்கள். எந்தப் பிரிவினருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கும் வேலையே அங்கு எழவில்லை. முதல் குற்றச்சாட்டுக்கு விடை, அதைக் கூறியவர்கள் ஒரு சனிக்கிழமையாவது வந்து பார்க்கட்டும் என்பதே.

கல்லூரிகளோடு கடிதப் போக்குவரத்தும் நடந்தது. ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர் பட்டியலை ஒதுக்கீட்டுப் பிரிவோடும் நீட் மதிப்பெண்ணோடும் சேர்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். வகுப்பில் "ஸ்காலர்ஷிப் பசங்க எழுந்திரு" என்று கூப்பிடும் பழக்கமும் இருந்தது. உதவித்தொகைப் படிவம் கொடுப்பதற்குத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் எழுந்து நின்ற பிள்ளையை ஆண்டு முழுவதும் மற்றவர்கள் அந்தப் பெயரிலேயே நினைவில் வைத்திருக்கிறார்கள். இவை சிறு விஷயங்கள் என்போருக்கு ஒன்று சொல்வேன். புதுதில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய்ந்த தோரட் குழு 2007இல் அளித்த அறிக்கையில், விடுதியில் ஒதுங்கி வாழும்படி நெருக்கப்படுவதும், ஆசிரியர் பாராமுகம் காட்டுவதும் இதுபோன்ற அன்றாட நடப்புகளாகவே பதிவாகியுள்ளன. நம் கடிதத்துக்கும் நினைவூட்டலுக்கும் பதில் வரவில்லை. பட்டியல் மட்டும் பலகையிலிருந்து எடுக்கப்பட்டது. அதையே பதிலாகக் கொண்டு கோப்பில் சேர்த்துள்ளேன்.

2024 ஆகஸ்ட் இறுதியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்ட வழிகாட்டுதல், தன்பாலின உறவைத் தடயவியல் பாடத்தில் இயற்கைக்கு மாறான குற்றங்களோடு மீண்டும் சேர்த்ததும், எதிர்ப்பு எழுந்தபின் செப்டம்பர் முதல் வாரத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதும் உறுப்பினர்கள் அறிந்ததே. இதுபற்றிய கலந்துரையாடல் நடைபெற்றது, வருகை குறைவு.

மாற்றுத்திறனாளி மாணவர்களைப் பொறுத்தவரை இந்த ஆண்டு குறிப்பிடத்தக்கது. 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடு உள்ளது என்ற ஒரே காரணத்தால் ஒருவரை எம்.பி.பி.எஸ். படிப்புக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்கலாகாது, அவரால் படிப்பைத் தொடர இயலுமா என்பதை மதிப்பீட்டு வாரியம் ஆராய்ந்து கூற வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு கைகளும் குறையின்றி இருக்க வேண்டும் என்ற தேசிய மருத்துவ ஆணையத்தின் நிபந்தனை ஏற்கத்தக்கதன்று என 2025 பிப்ரவரியில் மற்றொரு தீர்ப்பு கூறியது. வேலூர்க்காரர்களுக்கு இவை புதிய செய்தியாக இருக்க வேண்டியதில்லை. ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்றே 1918இல் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. 1954இல் விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்ததும், பின்னர் மறுவாழ்வு மருத்துவத் துறையை வழிநடத்தி 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றதும் இதே ஊரில்தான்.

அப்படிப்பட்ட ஊரில், அனைவருக்கும் இடம் வேண்டும் என்று பேசும் நம் சங்கத்தின் கூடம் முதல் மாடியில் இருக்கிறது. மின்தூக்கி இல்லை; சாய்தளம் அமைக்கவும் வழியில்லை. சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் நம் இளம் உறுப்பினர், தாமும் மருத்துவர், செயற்குழுக் கூட்டங்களின்போது கீழே தம் காரிலேயே அமர்ந்து கைப்பேசி வழியாகக் கலந்துகொள்கிறார். மேலே மின்விசிறிச் சத்தத்தில் நாம் பேசுவது அவருக்குப் பாதிதான் கேட்கிறது. தேநீர் மட்டும் கீழே தவறாமல் போய்ச்சேர்கிறது. தரைத்தளத்தில் வாடகைக்கு ஓர் அறை பார்த்து, அதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தேன். வாடகை கூடுதல் என்றும், "ஒருவருக்காகவா?" என்றும் கேள்விகள் எழுந்தன. மூட்டு வலியால் படியேற முடியவில்லை என்று விடுப்புக் கேட்டு எழுதியிருக்கும் மூத்த உறுப்பினர்களின் கடிதங்கள் என் கோப்பில் உள்ளன; எனவே ஒருவருக்காக அல்ல. போதிய வருகை இல்லாமையால் தீர்மானம் ஒவ்வொரு கூட்டத்திலும் தள்ளிப்போயிற்று. தீர்மானத்தை ஆதரிப்பதாகத் தொலைபேசியில் சொன்னவர்கள் எல்லாம் நேரில் வந்திருந்தால் அது எப்போதோ நிறைவேறியிருக்கும்.

வருகையைப் பற்றி எழுதாமல் இந்த அறிக்கை நிறைவுறாது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மருத்துவர் துணை என்று சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் கைதட்டி ஏற்றுக்கொண்டோம். பெயர் கொடுத்தவர்கள் பலர். தொடர்ந்து வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ஓ.பி. முடிய நேரமாகிறது, மகள் வீட்டுக்குச் சென்னை செல்ல வேண்டியிருக்கிறது, கிரகப்பிரவேசம் என்ற காரணங்கள் மெய்யானவையே. எவரையும் நான் ஐயுறவில்லை. ஆனால் தமக்கென்று ஒருவர் வருவார் என நம்பி, அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் அடுக்கம்பாறையிலிருந்து நகரப் பேருந்து ஏறி வந்த மாணவர், சுவரோரம் காத்திருந்து திரும்புவதைப் பார்க்கும் பொறுப்பு செயலாளருக்கே வாய்க்கிறது. வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் கைகூப்பும் படங்களுக்குக் குறைவில்லை. சிறப்பு விருந்தினர் வந்த நாளில் மேடையில் நிற்க இடமில்லை என்பதும் புகைப்படத்தில் தெரிகிறது.

கணக்கைப் பொறுத்தவரை, பொருளாளர் தனியே வரவு செலவு அறிக்கையை வைப்பார். சுருக்கமாகக் கூறினால், வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்தே உள்ளன. பற்றாக்குறை நேர்ந்த மாதங்களில் முந்தைய ஆண்டின் இருப்பிலிருந்து எடுத்து ஈடுசெய்யப்பட்டது. சனிக்கிழமைத் தேநீர், சுண்டல் செலவு குறித்து எழுப்பப்பட்ட கேள்விக்கு உரிய ரசீதுகள் தணிக்கையாளரிடம் உள்ளன. மலையிலிருந்து காலையில் கிளம்பி வரும் பிள்ளைக்குச் சுண்டல் கொடுப்பது வீண்செலவா என்பதைப் பொதுக்குழுவே முடிவு செய்யட்டும். ஆண்டுச் சந்தா நிலுவை வைத்திருப்போரின் பெயர்களைப் பலகையில் ஒட்டலாம் என்று ஒருவர் யோசனை கூறினார். அத்தகைய பட்டியல்களைப் பற்றி மேலே எழுதிவிட்டதால் அந்த வழியில் செல்ல எனக்கு விருப்பமில்லை. நிலுவை வைத்திருப்போர் தங்களைத் தாங்களே அறிவார்கள். பொருளாளர் வீடு தேடி வரும்போது "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று கூறி அனுப்பாமல் இருந்தால் போதும். கூகுள் பே வசதியும் உள்ளது.

கூடத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்திருக்கும் உரிமையாளருக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், அச்சகத்தாருக்கும், ஒலிபெருக்கி அமைத்தவருக்கும், தவறாமல் வந்த மருத்துவர்களுக்கும் சங்கத்தின் நன்றி உரியது.

வரும் ஆண்டில் புதிய முதலாண்டு மாணவர்கள் வந்துசேர்வதற்குள் தரைத்தள அறைக்கு மாறியாக வேண்டும். அதற்கு முன்பணம் தேவை. அதன் பெரும்பகுதி நிலுவைச் சந்தாவிலேயே இருக்கிறது என்பதால் தனியே நன்கொடை கேட்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. மாணவருக்குத் துணைநிற்கும் மருத்துவராக இருக்க விரும்புவோர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மாலை வர இயலும் என்றால் மட்டும் பெயர் தரவும். இயலாதவர்கள் போன் செட்டோ பழைய பாடநூலோ தந்தாலும் ஏற்றுக்கொள்வோம். உடல்நிலையை முன்னிட்டு இப்பொறுப்பிலிருந்து விலக விரும்புவதைத் தலைவரிடம் தெரிவித்துள்ளேன். சனிக்கிழமை அமர்வைத் தொடர்ந்து நடத்துவதாக ஒருவர் முன்வந்தால் கோப்புகளையும் அறைச் சாவியையும் இன்றே ஒப்படைப்பேன். அப்படி எவரும் முன்வராவிட்டால், பொதுக்குழு பணித்தபடி நடப்பேன்.

தரைத்தள அறை குறித்த தீர்மானத்தை இன்றைய நிகழ்ச்சி நிரலின் நான்காவது பொருளாகச் சேர்த்துள்ளேன். வாக்கெடுப்பு முடியும் வரை உறுப்பினர்கள் இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்கு வைக்கிறேன்.

செயலாளர்
வேலூர்