தெருப்பூனைகள்: ஞாயிறு கூட்டம், அதுவரை செய்ய வேண்டியவை

அனைவருக்கும் வணக்கம். பூனைகளுக்குச் சோறு வைப்பதில் அக்கம்பக்கத்துச் சண்டை முற்றுகிறது. வரும் ஞாயிறு காலை 10 மணிக்குத் தண்ணீர்த் தொட்டி அருகே கூடிப் பேசுவோம். வீட்டுக்கு ஒருவராவது வரவும்.

1. சோறு காலை 8 மணிக்கு மட்டும். 20 நிமிடத்தில் தட்டை எடுத்துக் கழுவிவிடவும். இரவில் மீதி கிடந்தால் கரடியும் காட்டுப்பன்றியும் வரும், பூனையைத் தேடிச் சிறுத்தையும் வரும். கோத்தகிரியில் இருந்துகொண்டு இதில் அசட்டை கூடாது.

2. பிடித்து வேறிடத்தில் விடாதீர்கள். தீனியும் ஒதுங்க இடமும் இருந்தால் வேறு பூனைகள் வந்துசேரும். விஷம் வைப்பது குற்றம்.

3. நிலையான வழி கருத்தடைதான். பெண் பூனை 4, 5 மாதத்திலேயே சினைப்படும், சுமார் 63 நாளில் குட்டி போடும். பிடிக்கும் நாளுக்கு முந்தின இரவு யாருமே சோறு வைக்கக்கூடாது. ஒரு வீட்டில் வைத்தாலும் பூனை கூண்டுக்குள் வராது. வயிறு நிறைந்திருந்தால் அறுவைக்குக் கொடுக்கும் மயக்க மருந்தில் வாந்தியெடுத்து மூச்சடைக்கலாம். சிக்கியதும் கூண்டைத் துணியால் மூடவும், அடங்கிவிடும். காதுநுனி வெட்டியிருந்தால் ஏற்கெனவே கருத்தடை ஆனது, விட்டுவிடவும்.

4. கேரட் பாத்தியில் அசுத்தம் செய்கிறதா? இளகிய மண்ணைத்தான் தேடும். கோழிவலை விரிக்கவும்.

உங்கள் பக்கம் வரும் பூனைகளின் எண்ணிக்கை, நிறம், குட்டி உண்டா என்பதை வீட்டு எண்ணுடன் வெள்ளிக்குள் இங்கே பதிவிடவும். கூண்டு வைத்திருப்பவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள்.