பெயர்ப்பட்டியல் தரமாட்டோம், திறப்பைத் தாருங்கள்

எங்கள் பிரதேச சபையின் தவிசாளருக்கும் செயலாளருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் இரண்டாம் ஞாயிறு உங்கள் பொதுமண்டபத்து அறிவித்தல் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். "பி.ப. 3.00 – மனநோயாளர் கூட்டம்." வெள்ளைச் சோக்கால், நல்ல வடிவான கையெழுத்து. அதற்கு மேல்வரியில் முன்பள்ளிப் பெற்றோர் கூட்டம், கீழ்வரியில் நுளம்பு ஒழிப்பு.

மனநோயோடு வாழ்கிற நாங்கள் மாதம் ஒருமுறை கூடி ஒருவருக்கொருவர் துணையாகக் கதைக்கிற கூட்டம் அது. அன்றைக்கு ஒன்பது பேர் வரவேண்டியது. மூன்று பேர்தான் உள்ளே இருந்தோம். ஒரு அக்கா படலையடியில் சைக்கிளால் இறங்கினவ, பலகையைப் பார்த்தா, எதையோ மறந்துவிட்டு வந்த ஆள்மாதிரிக் கூடைக்குள் கையைவிட்டுத் துழாவினா, அப்படியே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டா. சந்தைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் அவ இத்தனை நாளும் எங்களிடம் வந்தவ. திரும்பும்போது கூடைக்குள் ஒரு கட்டு முருங்கைக்காயாவது கிடக்கவேண்டும் என்பதற்காகக் கால்மணி முந்தியே எழும்பிவிடுவா. அவவின் மகளுக்கு இப்போது சாதகம் பார்க்கிறார்கள். இந்த ஊரில் சாதகத்துக்கு முதல் எதையெல்லாம் விசாரிப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பலகையோடு விட்டிருந்தால் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்போம். அடுத்த கிழமை கடிதம் வந்தது. அறை தொடர்ந்து வேண்டுமென்றால் வருகிற எல்லாருடைய பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் எல்லாம் வேண்டுமாம். "பாதுகாப்புக் கருதி" என்று கடைசியில் ஒரு வரி. யாருடைய பாதுகாப்பு? ஒன்பது பேர் வட்டமாக இருந்து பிளேன்ரீ குடிப்பதால் ஆபத்து வருவதென்றால் அது உங்கள் பிளாஸ்டிக் கதிரைகளுக்குத்தான் வரும். ஏற்கெனவே இரண்டுக்குக் கால் இல்லை.

விதானையாரிடம் போய், "எனக்கு பைபோலர் இருக்குது, ஒரு கையெழுத்து வையுங்கோ" என்று யார் கேட்பது? பின்னுக்கு அஸ்வெசும அரச உதவிப் படிவத்தோடு பக்கத்து வீட்டுக்காரர் நிற்பார். "விசர்" என்ற சொல் அந்த வரிசை கலையமுன் ஒழுங்கை முழுக்கப் போய்ச்சேரும்.

அந்த அறைக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். கிளினிக்கில் வைத்தியரிடம் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. அவரைக் குறை சொல்லவில்லை, வெளியே வாங்கு நிறைய ஆட்கள். மருந்து அவருடைய பொறுப்பு. குளிசையை நிற்பாட்டச் சொல்வதோ கூட்டச் சொல்வதோ எங்கள் வேலை இல்லை. மற்றது எல்லாம் எங்கள் வேலை. ஒரு சித்திரை வெயிலில் தம்பி ஒருவன் வந்திருந்தான். கை நடுங்கி, தேத்தண்ணி முழுக்கச் சாறத்தில் ஊற்றுப்பட்டது. இரண்டு நாளாகச் சத்தி, வெக்கையால்தான் என்றான். எதிரில் இருந்த ஐயா அவனைவிடக் கனகாலம் லிதியம் என்ற மனநோய் மருந்தை எடுப்பவர். "பல்லுக்கு என்ன குளிசை போட்டனி?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பார்மசியில் வாங்கிய டைக்ளோபினாக், நாலு நாள். உடனே ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு. இரத்தத்தில் லிதியம் ஏறிப்போய் இருந்தது. சுகப்படுத்தும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் அதில் இடைவெளி கொஞ்சம்தான். அந்தமாதிரி நோக்குளிசையும் ஏற்றிவிடும், வியர்த்துத் தண்ணீர் வற்றினாலும் ஏறிவிடும். கிளினிக் கொப்பியில் எழுதித்தான் இருந்ததாம். வாசித்தவர் யார்?

இன்னொன்று. மூன்று இரவு நித்திரை இல்லை, ஆனால் களைப்பே இல்லை என்று ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னால், ஆள் தெளிந்துவிட்டது என்று வீட்டார் சந்தோசப்படுவார்கள். பைபோலரில் மனம் அளவுக்கு மீறி எழும்புகிற கட்டம் அப்படித்தான் தொடங்கும், எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். காணி உறுதி யாரிடம் இருக்கிறது, வங்கிப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று கேட்போம். என்னை அப்படிக் கேட்க ஆள் இல்லாத காலத்தில் இரண்டு பரப்புக் காணி அடிமாட்டு விலைக்குப் போனது.

இதையெல்லாம் பெயர் கொடுத்துவிட்டு யாரும் பேசமாட்டார்கள். குடியிலிருந்து மீள்கிறவர்கள் 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய கூட்டங்கள் இன்றைக்கும் உலகம் முழுக்க நடக்கின்றன; அங்கே முழுப்பெயர் கேட்கும் வழக்கம் இல்லை. 1873இல் வெள்ளைக்காரன் இங்கே போட்ட சட்டத்தில்கூட, ஒருவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று சொல்ல மாவட்ட நீதிமன்றம் விசாரிக்கவேண்டும். உங்களுக்கு ஒரு சோக்குத்துண்டு போதுமாக இருந்திருக்கிறது.

உறுப்பினர்களே இல்லாமல் செயலாளர் மட்டும் சபையை நடத்திய காலத்தில் கிடைத்த அறை இது. 2025 மே மாதம் நாங்களும் போய்ப் புள்ளடி போட்டு உங்களை அனுப்பிய பிறகு பறிபோகிறது. அப்போது எங்கள் புள்ளடிக்கு விதானையாரின் உறுதிப்படுத்தல் கேட்டதாக ஞாபகம் இல்லை. ஒக்ரோபர் 10 மனநல தினம் வந்தால் பெரிய மண்டபம், மைக், தொப்பி, பதாகை, குத்துவிளக்கு எல்லாம் வரும். எங்களுக்காக ஊர்வலம் போகிறவர்களுக்கு நாங்கள் இருந்து கதைக்க ஒரு பின் அறை பாரமாகிவிட்டது.

கோபம் வந்துவிட்டது, மன்னிக்கவேண்டும். எங்களில் ஒருவர் குரல் உயர்த்தினால் "குளிசை போட்டாச்சோ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். போட்டாச்சு. இது குளிசைக்கு அடங்குகிற கோபம் இல்லை.

கேட்பது பெரிதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, பின்னேரம் மூன்றிலிருந்து ஐந்துவரை, அந்தப் பின் அறை. பலகையில் "பின் அறை – ஒதுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதுங்கள். பெயர்ப்பட்டியல் கேட்காதீர்கள். ஒரு ஆள் பொறுப்பு வேண்டுமென்றால் என் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் உங்கள் திறப்புப் பதிவேட்டில் முதல் நாளிலிருந்தே கிடக்கின்றன. கதிரை உடைந்தால் என்னிடம் கேளுங்கள், வாடகை வேண்டுமென்றாலும் என்னிடம் கேளுங்கள். மற்ற எட்டுப் பேரின் பெயரை மட்டும் கேட்கவேண்டாம் என்று தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த இரண்டாம் ஞாயிறுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. திறப்பை வழமைபோலக் காவலாளி ஐயாவிடம் விட்டுவிட்டால் போதும். அந்த அக்காவுக்கு நான் இன்னும் கோல் எடுக்கவில்லை. உங்கள் பதில் வந்தபிறகு எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
திறப்புக்குக் கையெழுத்து வைப்பவன்